ஓலைப்புரை சந்து வளைவில் நாலு ஸ்லாப்

ஓலைப்புரை வார்டு, ஜூன் மாதச் செய்தி
2 ஜூன் 2025

அன்புள்ள வார்டுக்காரர்களுக்கு,

இந்த வருடம் மழை ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. நாமும் முன்னாலேயே தொடங்க வேண்டியதுதான். ஓடைகளில் மண் வாரும் வேலை ஆரியசாலைப் பக்கம் முடிந்தது. சாலை மார்க்கெட்டின் பின்பக்கம் பாதியில் நிற்கிறது, இந்த வாரம் முடியும். ஓலைப்புரை சந்தின் ஓடைக்கு மேல் பதினோரு ஸ்லாப்பும் போட்டு வேலை பூர்த்தியாகிவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன். மேற்பார்வை பார்த்த பயனாளர் குழுவுக்கும், அதன் கன்வீனர் திரு. தங்கையன் அவர்களுக்கும் வார்டின் நன்றி.

இனி உங்கள் பங்கு. பிளாஸ்டிக்கை ஓடையில் போடாதீர்கள். கழுவிக் காயவைத்து, ஜூன் 11 புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்து முனைக்குக் கொண்டுவாருங்கள். பச்சை உடுப்புச் சேச்சிமார் வாங்கிக்கொள்வார்கள். மழை என்று வீட்டில் இருந்துவிட்டால் அடுத்த முறை ஒரு மாதம் கழித்துத்தான். கொசு ஒழிப்புக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். புகார் இருந்தால் ஆபீசுக்கு வந்து சொல்லலாம், போனில் சொல்லலாம், மாடிப்படி அடியில் இருக்கும் பெட்டியில் எழுதிப் போடலாம். வார்டு என்பது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

உங்கள் கவுன்சிலர்,
வே. ரெம்யா

பேனாவால் அடியில்: தங்கையன் மாமா, இந்தத் தடவையும் தமிழ் நோட்டீஸ் நானே வீட்டிலிருந்து எழுதியது. ஜெபமலர் மாமி எத்தனை பிழைக்கு வட்டம் போட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள். போன மாதம் ஒன்பது.


3 ஜூலை 2025

கவுன்சிலர் அவர்களுக்கு,

ஓலைப்புரை சந்து ஒன்பதாம் வீட்டுத் தங்கையன் சொல்ல, பதினொன்றாம் வீட்டுச் சுசீலாபாய் எழுதுவது. சுசீலாபாய் சாலை மார்க்கெட்டு அரிசி மண்டியில் சீட்டு எழுதுகிறவள். கையெழுத்து அழகாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான்.

பெற்ற பிள்ளையைப் போல உன்னை மக்களே என்று கூப்பிட்ட வாய் இது. "கவுன்சிலர்னு போடவா அண்ணே, மக்களேன்னு போடவா?" என்று சுசீலாபாய் கேட்டாள். கவுன்சிலர் என்றே போடு என்றேன்.

ஜெபமலர் அடக்கத்தன்று நீ மாலையோடு வந்தாய். நான் கதவைச் சாத்தினேன். கிழவனுக்குத் திமிரைப் பார் என்று வெளியே பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. இனி உன் ஆபீஸ் மாடி ஏறமாட்டேன், நீயும் இந்த வாசலுக்கு வரவேண்டாம். ஆனால் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. வாயால் சொன்னதெல்லாம் போன இடம் தெரியவில்லை. அதனால்தான் எழுத்து தெரியாதவன் காகிதத்தைப் பிடித்திருக்கிறேன்.

நான் உன்னிடம் சொன்னது நாலு தடவை. ஏப்ரல் 9 புதன்கிழமை, நீ மஞ்சள் குடையோடு ஆட்டோவுக்கு நின்றாய். ஏழு ஸ்லாப் போட்டதோடு ஆள் போய்விட்டான், வளைவில் நாலு ஸ்லாப் இடம் திறந்து கிடக்கிறது, நாங்களே பலகை போட்டு வைத்திருக்கிறோம் என்றேன். "அடுத்த ஆழ்ச்ச ஆளு வந்திரும் மாமா" என்றாய். அந்த வாரமும் போயிற்று, அதற்கடுத்த வாரமும் போயிற்று. மே 2 வெள்ளிக்கிழமை, போனில் சொன்னேன். உன் பக்கத்தில் யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி சரி என்றாய். மே 25 ஞாயிறு, முதல் பெருமழை. டீக்கடை ஓரத்தில் நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்றும் அடுத்த வாரம்தான். கடைசியாக ஜூன் 4. உன் நோட்டீசை ஜெபமலர் எனக்கு வாசித்தாள். பதினோரு ஸ்லாப் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "இவளுக்கு எண்ணத் தெரியலியா, நமக்குத் தெரியலியா?" என்றாள். உடனே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததையும் சேர்த்துத்தான் நாலு.

ஜூன் 11 விடிந்ததிலிருந்து மழை. போகவேண்டாம் என்றேன். "ஒரு மாசம் இந்தச் சாக்க வீட்டுக்குள்ள வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கவா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நீ எழுதியிருந்தாய், அதனால் போனாள். எங்கள் சந்தில் நடக்கிற வழியே ஓடையின் மேல்தான் என்பது உனக்குத் தெரியும். முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. ஏழு ஸ்லாப்பைத் தாண்டினாள். எட்டாவது இடத்தில் கால் வைத்தாள். பலகை மிதந்து போயிருந்தது.

சந்து முனையில் ஓடை குழாய்க்குள் நுழைகிற இடத்தில் அவளைப் பிடித்து எடுத்தார்கள். எதிர்வீட்டில் தங்கியிருக்கிற கொத்து வேலைக்காரப் பையன்கள் இருவர் குதித்தார்கள். பிளாஸ்டிக் சாக்கை அவள் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜூன் 20 வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

எனக்குக் காசு வேண்டாம், மாலை வேண்டாம். உன் அடுத்த நோட்டீசில் ஒரு வரி வேண்டும். ஓலைப்புரை சந்து வளைவில் நாலு ஸ்லாப் போடவில்லை, அதில் விழுந்து ஜெபமலர் செத்தாள். இவ்வளவுதான். நோட்டீசில் நடக்காததை எழுதினாய். நடந்ததையும் எழுது.

தங்கையன்


9 ஜூலை 2025

மரியாதைக்குரிய தங்கையன் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் தபாலில் வந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலிருந்து தபால். ஆபீசில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் பிரித்தேன், பாதியில் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

மாமி போன துக்கம் எனக்கும் இருக்கிறது. நீங்கள் கதவைச் சாத்தியதில் கோபம் இல்லை. அப்பா இருந்திருந்தால் அவருக்கு நீங்கள் திறந்திருப்பீர்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் வரியை நான் போட முடியாது. மாதச் செய்தி என் சொந்தக் காகிதம் இல்லை மாமா. மலையாளத்தில் அச்சாகி ஒரு பிரதி ஆபீஸ் பைலுக்குப் போகிறது. அதில் நான் எழுதுவது எல்லாம் நான் ஒப்புக்கொண்டது ஆகிவிடும். பைலில் ஸ்லாப் வேலை மார்ச் 29 அன்று முடிந்ததாக இருக்கிறது. முடிந்தது என்று பயனாளர் குழு சர்ட்டிபிக்கேட் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவின் கன்வீனர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல் என்னை எழுதவைக்க வேண்டாம்.

ஒரு வழி இருக்கிறது. மாமி உங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாக நீங்கள் ஒரு வாக்குமூலம் தந்தால், மழைச்சேதத்தில் சேர்த்து நிவாரணத்துக்கு எழுதுகிறேன். உங்கள் நல்லதுக்குத்தான்.

வளைவில் ஸ்லாப் சீக்கிரம் வரும்.

ரெம்யா


15 ஜூலை 2025

கவுன்சிலர் அவர்களுக்கு,

உன் கடிதத்தைச் சுசீலாபாய் இரண்டு தடவை வாசித்தாள். சர்ட்டிபிக்கேட் என்ற இடத்துக்காக நான்தான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். "அண்ணே, டீ போடவா" என்றாள். போட்டாள். ஆறிப்போயிற்று.

பிப்ரவரி 6 வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டரை இருக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு உன் ஆபீசுக்கு மூன்று மாடி ஏறி வந்தேன். நீ சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாய். கமிட்டி உண்டாக்கியதற்கு ஒரு தாளை வாசித்துக் காட்டினாய், விரல் வைத்தேன். அப்புறம் என்ன சொன்னாய் என்று உனக்கு ஓர்மை இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "இதுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் நீங்க மாடி ஏறாண்டாம் மாமா. இன்னும் ரெண்டு தாள்ல வச்சிட்டுப் போங்க. வேணும்போ நான் எழுதிக்கிடுதேன்." மைப்பெட்டி காய்ந்திருந்தது. உன் குப்பியிலிருந்து வெள்ளம் நாலு சொட்டு விட்டாய். இரண்டு வெற்றுத் தாளிலும் வைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று கேட்கலாம். சாலை மார்க்கெட்டில் நாற்பது வருடம் மூட்டை சுமந்தவன். காலையில் வெற்றுச் சீட்டில் விரல் வைத்துவிட்டுத்தான் லாரிக்குப் போவோம், உன் அப்பன் வேலப்பனும் நானும். சாயங்காலம் மண்டிக்காரர் எத்தனை சாக்கு என்று எழுதிக்கொள்வார். ஒரு நாளும் ஒரு சாக்கு மாறியதில்லை. எத்தனை என்பது என் தலையில் இருந்தது, இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் உன்னிடமும் வைத்தேன்.

அன்று சாயங்காலம் ஜெபமலரிடம் சொன்னேன். "எழுதாத தாள்லயா?" என்றாள். வேலப்பன் மகள்தானே என்றேன். "வேலப்பன் மகள்ட்ட குடுத்தீங்களா, கவுன்சிலர்ட்ட குடுத்தீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காக அவளோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. இப்போது அந்த இரண்டு நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, வளைவில் ஸ்லாப் கிடக்கிறது என்று சொன்னது என் விரல். நீ எழுதினாய், சொன்னது நான். சரி.

இன்னொரு தாள் உன்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தா. நான் கேட்ட வரியைப் போடு. படியில் வழுக்கினாள் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்குப் படியே கிடையாது, வாசல் சந்தோடு மட்டம். நீ எத்தனை தடவை வந்து சோறு தின்ற வீடு, அதுகூட மறந்தா போயிற்று?

தங்கையன்


24 ஜூலை 2025

மாமா,

இதை ஆபீசிலிருந்து எழுதவில்லை. வாசித்ததும் சுசீலாபாய் அக்காவிடம் சொல்லிக் கிழித்துவிடுங்கள்.

மார்ச் 31க்குள் வேலை முடிந்த பில் போகாவிட்டால் வார்டுக்கு வந்த பணம் திரும்பிப் போய்விடும். போனால் அந்த ஏழு ஸ்லாப்பும் இல்லை. காண்டிராக்டர் மகேஷ்குமார் என் மேசைக்கு முன்னால் நின்று, "மேடம், மீதி நாலும் வார்த்து வச்சாச்சு, காயணும், ஏப்ரல் பத்துக்குள்ள எறக்கிடுதேன்" என்றான். நான் உங்கள் தாளை எடுத்து எழுதினேன். பத்து நாளில் உண்மையாகிவிடப் போகிற பொய் என்று நினைத்தேன். அவன் அப்புறம் போன் எடுக்கவில்லை.

ஜூன் நோட்டீஸ் எழுதும்போது ஏழு என்று எழுதவா பதினொன்று என்று எழுதவா என்று பேனா நின்றது மாமா. பைலில் பதினொன்று இருக்கும்போது நோட்டீசில் ஏழு என்று எப்படி எழுதுவேன்? தெரிந்துதான் எழுதினேன். மாமியை அன்று சாக்கோடு வரச்சொன்னதும் நான்தான்.

நேற்று முன்தினம் வளைவில் ஸ்லாப் போட்டாயிற்று. பார்த்திருப்பீர்கள். மகேஷ்குமாரை நான் என்ன பேசிக் கொண்டுவந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. இனி அங்கே யாரும் விழமாட்டார்கள். அது போதாதா?

டிசம்பரில் எலெக்ஷன். என் வீட்டுக்காரர் லிஜோவுக்கு வேலை போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த மேசை போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்கும் ஒரு வரி உங்களுக்கு ஒரு வரிதான்.

மூன்றாவது தாளைத் தேடிப் பார்க்கிறேன்.

உங்கள் ரெம்யா


5 ஆகஸ்ட் 2025

கவுன்சிலர் அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பைபிளுக்குள் இருக்கிறது.

ஸ்லாப் வந்ததைப் பார்த்தேன். ஜூலை 22 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்ன லாரி ஒன்று வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருத்தன் பாட்டுப் போட்டான். கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். டீ குடித்த நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். ஒன்றரை மணி நேர வேலை, மக்களே.

அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. அடித்துவிடு என்றேன். சுசீலாபாய் அடிக்கமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் நோட்டீஸ் வந்தது. வாசிக்கச் சொன்னேன். "உடல்நலக் குறைவால் காலமான ஜெபமலர் அம்மாளுக்கு வார்டின் அஞ்சலி." அவளுக்கு என்ன குறை? அறுபத்தெட்டு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பாள். பொடி எழுத்துக்குத்தான் கண்ணாடி. நான் கேட்ட வரி எங்கே என்றேன். சுசீலாபாய் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் டெங்குக் கொசுவின் படம்.

நோட்டீசில் இன்னொன்று இருக்கிறது. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் வார்டு சபை, ஒவ்வொருவரும் வந்து கருத்துச் சொல்ல வேண்டும், நம் வார்டை நாமே நடத்த வேண்டும் என்று. வருகிறேன். நீயாக எழுதமாட்டாய் என்றால், சபையில் சொன்னால் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதித்தானே ஆகவேண்டும்.

தங்கையன்

இதை எழுதும் சுசீலாபாய் தன் பங்குக்கு எழுதுவது: என் மகளின் வீட்டு அப்ளிகேஷன் உங்கள் மேசையில் இருக்கிறது. அண்ணன் சொன்னதை எழுதினேன். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.


27 ஆகஸ்ட் 2025

கவுன்சிலர் அவர்களுக்கு,

நடந்தது உனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன். இப்போது என் ஓர்மைக்குச் சாட்சி தேவைப்படுகிறது.

நான் எழுந்தேன். நாலு தேதியையும் சொன்னேன், ஜூன் 11 சொன்னேன், பிப்ரவரி 6 சொன்னேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் பைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். மலையாளத்தில் வாசித்தார். என் மனைவி எங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து உடம்பு மோசமாகி இறந்தாள், எனக்கு யார் மீதும் புகார் இல்லை, ஜூன் 28, தங்கையன், இடது பெருவிரல் ரேகை.

தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எழுத்து தெரியாவிட்டாலும் என் விரலை எனக்குத் தெரியும். நடுவில் அரிவாள் வெட்டின தழும்பு குறுக்கே ஓடும்.

"அப்பூப்பா, இது உங்க விரல்தானே?" என்றார் கிளார்க். ஆமாம் என்றேன். "அப்போ இப்ப சொன்னது?" அதுவும் என் வாய்தான் என்றேன். பின்னாலிருந்து ஒருத்தன், "பாவம், அப்பூப்பனுக்கு ஓர்ம போயாச்சு" என்றான். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இரக்கப்பட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எங்கள் சந்திலிருந்து பதினோரு பேர் அந்த ஹாலில் இருந்தார்கள். என் வீட்டுக்குப் படி கிடையாது என்று பதினோரு பேருக்கும் தெரியும். ஒருத்தருக்குப் பென்ஷன் பேப்பர், ஒருத்தருக்குத் தண்ணீர்க் கனெக்ஷன், எல்லாம் உன் மேசையில். சுசீலாபாய் மட்டும் எழுந்தாள். நான்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவள் மகளுக்கு வீடு வேண்டும்.

நீ மினிட்ஸ் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னதில் ஒரு சொல் அதில் ஏறியிருந்தால் சொல்.

ஜூன் 28 சனிக்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன். அவளுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க நாற்பது வருடம் நம்பின தலை இது. ஒரு தாள் ஐந்து நிமிடத்தில் அதைப் பைத்தியமாக்கிவிட்டது.

தங்கையன்


3 செப்டம்பர் 2025

மாமா,

கிளார்க் எழுதினார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்தான் எழுதினேன். தேடிப் பார்க்கிறேன் என்று உங்களுக்குக் கடிதம் எழுதினேனே, அதே நாளில், அதே பேனாவில். வாசிக்க வேண்டிய தேவை வராது என்று நினைத்தேன். நீங்கள் வரமாட்டீர்கள், முட்டி வலி, கோபம், ஏதாவது ஒன்று தடுக்கும் என்று நினைத்தேன்.

படி இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தும் படி என்றே எழுதியிருக்கிறேன், ஹாலில் அவர் வாசிக்கும்போதுதான் உறைத்தது. எத்தனை தடவை அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு ஒன்றுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் மேலே விசாரணைக்கு எழுதிக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்லாப் சர்ட்டிபிக்கேட் பொய் என்று அவர்கள் எடுத்தால் முதல் பிரதி கன்வீனர், அதாவது முதல் குற்றவாளி நீங்கள். அதற்குப் பிறகு வேலையை அளந்த என்ஜினியர். மூன்றாவதுதான் நான். வெற்றுத் தாளில் விரல் வைத்தேன் என்றால் வைத்ததே குற்றம் என்பார்கள். எழுபத்துநாலு வயதில் கோர்ட்டு வராந்தாவில் நிற்கவேண்டாம் மாமா. மாமி உங்களிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் கேட்கவில்லை.

ரெம்யா


ஓலைப்புரை வார்டு, அக்டோபர் மாதச் செய்தி
31 அக்டோபர் 2025

அன்புள்ள வார்டுக்காரர்களுக்கு,

இந்தப் பதவிக்காலத்தில் நான் எழுதும் கடைசிச் செய்தி இது. ஐந்து வருடம் வார்டு சபைக்கு வந்தவர்களுக்கும், மழைக்காலத்தில் மண்வெட்டியோடு வந்தவர்களுக்கும், திட்டிவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே ஆபீசுக்கு வாருங்கள், படிவம் நிரப்ப ஆள் இருக்கிறது.

ஓலைப்புரை சந்து வளைவில் நாலு ஸ்லாப் ஜூலை 22 வரை போடப்படவில்லை. ஜூன் 11 அன்று அந்த இடத்தில் ஓடைக்குள் விழுந்து ஜெபமலர் அம்மாள் காலமானார். முன்பு எழுதியது தவறு.

மேற்குப் பக்கத் தெருவிளக்குகள் அடுத்த வாரம் எரியும். பிளாஸ்டிக் சேகரிப்பு வழக்கம்போல இரண்டாவது புதன்கிழமை.

உங்கள் கவுன்சிலர்,
வே. ரெம்யா

பேனாவால் அடியில்: மாமா, போட்டுவிட்டேன்.


5 நவம்பர் 2025

ரெம்யாவுக்கு,

நோட்டீஸ் வந்தது. சுசீலாபாய் அந்த இடத்தை வாசித்துவிட்டு அழுதாள். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு இளகியது. இளகவில்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் டீக்கடைக்குப் போனேன். அங்கே சுவரில் மலையாள நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைக்காரரிடம் முழுவதும் வாசிக்கச் சொன்னேன். வாக்காளர் பட்டியல் வந்தது, தெருவிளக்கு வந்தது, பிளாஸ்டிக் வந்தது. இடையில் ஒன்றும் இல்லை. "வேற ஒண்ணும் எழுதலியா?" என்றேன். "இவ்வளவுதான் அண்ணாச்சி, வேற எந்தா வேணும்?" என்றார். தமிழ் நோட்டீஸ் எத்தனை அச்சடித்தாய் என்று விசாரித்தேன். பதினாலு. எங்கள் சந்தில் பதினாலு வீடு.

உள்ளதைச் சந்துக்குள் மட்டும் சொல்லியிருக்கிறாய். சந்துக்கு அது முன்னமே தெரியும். அவளைத் தூக்கி வெளியே எடுத்தது இந்தச் சந்துதான். தெரியாதவர்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் நான் கேட்டேன். எழுதினதைப் பெட்டிக்குள் பூட்டி எங்களிடமே தந்துவிட்டு, போட்டுவிட்டேன் என்கிறாய். அந்தப் பதினாலு வீட்டில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற காலம் போயிற்று. உனக்குத் தகவல் சொல்ல எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விசாரணை ஆபீசர் முன்னால் போனேன். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நான் மலையாளத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிப்ரவரி 6, மூன்று தாள், மைப்பெட்டியில் விட்ட வெள்ளம், எல்லாம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பூப்பா, இதை இப்படியே எழுதினால் உங்கள் பெயரைத்தான் முதலில் போட வேண்டியிருக்கும். வேண்டுமானால் இந்த இடத்தை விட்டுவிடலாம்" என்றார். விட்டால் ஸ்லாப் போடாத விஷயம் நிற்குமா என்று கேட்டேன். நிற்காது என்றார். அப்படியானால் விடவேண்டாம் என்றேன்.

ரேகை வைக்கத் தாளை நீட்டினார். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். வாசித்தார். இன்னொரு தடவை என்றேன். அவருக்குச் சாப்பாட்டு நேரம், இருந்தாலும் வாசித்தார். அதில் இருக்கிறது: வளைவில் நாலு ஸ்லாப் போடவில்லை, அதில் விழுந்து ஜெபமலர் செத்தாள். மலையாளத்தில் இருக்கிறது. சீல் வைத்து நம்பர் போட்டார். என் முன்னால்தான் போட்டார்.

சம்மன் உனக்கும் வரும். அந்த வரிக்கு மேலே பெயர்கள் இருக்கின்றன. முதலாவது என் பெயர், இரண்டாவது என்ஜினியர், மூன்றாவது நீ. அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

தங்கையன்